புல் வரைந்த மாப்பிள்ளை

"எபி, உங்க படம் ரிலீஸ் ஆயிடுச்சாமே! சனிக்கிழமை மேட்னிக்கு நாலு டிக்கெட் போட்டுட்டேன். நீங்க, நான், ஆன்ட்டி, பிளஸ்ஸி."

போனில் பேசியவர் வேதசிரோமணி. தாம்பரத்தில் முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலம் கற்பித்தவர், சபை மூப்பர். அடுத்த வாரம் தம் மகள் பிளஸ்ஸிக்கும் எபிக்கும் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்.

எபனேசர் என்ற எபி பல்லாவரத்தில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வெளிநாட்டுப் படங்களுக்குப் புல் வரைந்துகொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன அன்று அவன் அம்மா, "கார்ட்டூன் படம் போடுறான்" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கார்ட்டூனில் ஆடுகள் குடிக்கும், கெட்ட வார்த்தை பேசும், பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் வாங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது வந்திருப்பது இரண்டாம் பாகம்.

"அது தமிழ் டப்பிங் அங்கிள். சரியா இருக்காது."

"அப்படியா?"

அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "இங்கிலீஷ் ஷோவுக்கு மாத்திட்டேன். வசனம் ஒண்ணு விடாம கேட்கலாம்."

மறுநாள் எபி வேறு வழி பார்த்தான். "ரிவ்யூ எல்லாம் மோசம் அங்கிள். எல்லாரும் திட்டுறாங்க."

"உழைச்சவன் மனசு என்ன பாடு படும்! கவலைப்படாதீங்க, போதகரையும் கூட்டிட்டு வர்றேன். படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணிடலாம்."

குரோம்பேட்டை தியேட்டரில், பாப்கார்ன் டப்பாக்களுக்கு நடுவே ஐந்து பேரும் தலை குனிந்தார்கள். மிகவும் உருக்கமாக ஜெபித்தவன் எபிதான்.

ஜெபம் கேட்கப்பட்டது. இரண்டாம் பாகத்தில் ஆடுகள் திருந்தியிருந்தன. குட்டிகளைப் பள்ளிக்கு அனுப்பின. எபியிடம் புல் மட்டுமே வந்ததால் இது அவனுக்கே புதிய செய்தி.

"புல்லு நல்லா இருக்கு," என்று பிளஸ்ஸி மெல்லச் சொன்னாள்.

பின்வரிசைக் கல்லூரி மாணவர்களுக்குத்தான் தாங்கவில்லை.

"இன்னாடா மச்சான் இது? ஒரு கெட்ட வார்த்தைகூட இல்ல. ஆடு ஹோம் ஒர்க் சொல்லிக் குடுத்துகினு கீது!"

"பேஜாருடா. ஃபர்ஸ்ட் பார்ட்ல அந்தக் கல்யாண சீன் ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. விவரித்தார்கள். பிறகு குளத்து சீன். எபி இருமினான். அவர்கள் குரலை உயர்த்தினார்கள். இன்னும் பலமாக இருமினான். பிளஸ்ஸியின் அம்மா ரத்தினபாய் கைப்பையைத் திறந்து ஒரு விக்ஸ் மிட்டாயை அன்போடு நீட்டினார். மிட்டாய் வாயிலிருக்கும்போது இருமுவது மரியாதையாக இல்லை. திரையில் ஆடுகள் ஒழுக்கமாக மேய, பின்வரிசை முதல் பாகத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தது.

படம் முடிந்ததும் மாணவர்கள் விசிலடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். போதகர், "நல்ல கருத்து," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் புறப்பட்டார். வேதசிரோமணி மட்டும் முகம் இறுகி, திரையில் ஓடிய பெயர்களைக் கடைசி எழுத்துவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் எபியால் பொறுக்க முடியவில்லை. "அங்கிள், அந்தப் பசங்க சொன்னதெல்லாம் உண்மைதான். முதல் பாகம் சுத்த அசிங்கம். அதுல வேலை பார்த்ததை நினைச்சாலே வெட்கமா இருக்கு. வேணும்னா வேலையையே விட்டுடுறேன்."

வேதசிரோமணியின் முகம் மேலும் வாடியது. "அப்புறம் பேசலாம்," என்று காரை எடுக்கப் போய்விட்டார். பிளஸ்ஸியும் பின்னால் போனாள்.

எபி ரத்தினபாய் பக்கம் திரும்பினான். "நிச்சயதார்த்தம் நின்னுடும் இல்ல ஆன்ட்டி?"

"அதெல்லாம் நிக்காது தம்பி," என்றார் ரத்தினபாய். "ஆனா முதல் பாகத்தை மட்டும் அவர்கிட்ட குறை சொல்லாதீங்க. அதை மூணு தடவை பார்த்து, கடைசியில ஓடுற பேர்ல எபனேசர்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு, யாரு அந்தப் பையன்னு விசாரிச்சுத்தான் உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பினார்."