கம்பத்துக்கு அரைமணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஒற்று போட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் இரண்டாகப் போட்டுவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள் நான். (நாலு பேர் எதற்கு, இரண்டு பேரே போதும்.) பிழைகளை என் மகள் வெண்ணிலா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளால் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தீபத் திருவிழாவில் பெரிய தேர் ஓடிய அன்று நான் செய்தது அது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த ஒரே பாடம் கணக்கு. அதிலும் வகுத்தல் என்றால் உயிர். மீதி இல்லாமல் வகுபட்டுவிட்டால் அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கும். இந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் தாய்மாமா கோதண்டம் மாடவீதியில் பஜ்ஜி வண்டி போட்டிருந்தார். அவர் மகள் கோமதியை எனக்குக் கேட்டு அம்மா மூன்று முறை போய் வந்தாள். மூன்றாவது முறை மாமா சொன்னார்:

"பையன் நல்லவன்தான் அக்கா. ஆனா பொறுப்பு இருக்குதானு தெரியல. தேர் அன்னிக்கு நான் வடம் புடிக்கிறதா வேண்டுதல். அன்னிக்கு ஒரு நாள் வண்டிய இவன் பாத்துக்கட்டும். சாயந்தரம் என் முடிவ சொல்லிட்றேன்."

ஆக, எனக்கு வைத்த பரீட்சை ஒரு பஜ்ஜி வண்டி.

தேர் அன்று காலை எட்டு மணிக்கு மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டி இருந்த இடத்தில் தெரு குறுகும். தேர் வந்தால் வண்டிக்கு அங்கே இடம் கிடையாது. எதிர்ப்பக்கம் ஒரு சந்து இருந்தது.

"இதோ பாரு ஏழுமல. தேர் அந்த முக்கு திரும்பிடுச்சுன்னா உடனே அடுப்ப அணைச்சிட்டு வண்டிய சந்துல தள்ளிடு. புரிஞ்சுதா?"

"சரி மாமா."

"வாய்ல சொல்றியா, மண்டைல ஏத்திக்கினியா?"

"ஏத்திக்கினேன் மாமா."

அவர் வடம் பிடிக்கப் போய்விட்டார். கோமதி வாழைக்காய் சீவினாள். நான் மாவில் தோய்த்துப் போட்டேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. எண்ணெயைப் பார்த்தே பேசினேன். (எண்ணெயில் அவள் முகம் தெரியுமா என்று எட்டிப் பார்த்ததில் புருவம் பொசுங்கியது தனிக் கதை.)

ஒன்பது மணிக்குக் கிளம்பிய தேர், தேருக்கே உரிய நடையில் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. முக்கில் திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மத்தியானம் ஒரு மணிக்கு ஒருவழியாகத் திரும்பி எங்கள் தெருவைப் பார்த்து நின்றது. வடச் சங்கிலிகள் இரண்டும் எங்கள் வண்டியைத் தாண்டித் தெருவின் நீளத்துக்குக் கிடந்தன. இழுத்துக் களைத்தவர்கள் அங்கங்கே குந்திக்கொண்டு பஜ்ஜி கேட்டார்கள். அப்படி ஒரு வியாபாரத்தை அந்த வண்டி பார்த்திருக்காது.

"மாமா, தேர் திரும்பிடுச்சு" என்றாள் கோமதி. (அத்தை மகனை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.) "அப்பா சொன்னாருல்ல? வண்டிய எடுத்துடலாம்."

அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். விலைப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதினேன். ஒன்பதிலிருந்து ஒன்று வரை நாலு மணி நேரம். அதில் தேர் தாண்டியது எட்டு கரண்டுக் கம்பம். வகுத்தால் ஒரு கம்பத்துக்கு அரைமணி. எங்கள் வண்டிக்கு இன்னும் மூன்று கம்பம். ஆக ஒன்றரை மணி நேரம். மீதி இல்லை!

"ரெண்டரைக்குத்தான் இங்க வரும்" என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "ரெண்டு மணிக்கு எடுத்தா போதும்."

அவள் பலகையைப் பார்த்தாள், தேரைப் பார்த்தாள். "தேருக்கு இந்தக் கணக்கு தெரியுமா மாமா?"

விசில் வைத்திருந்த தொண்டர் ஒருவர் வந்தார். "வண்டிய எடுப்பா, எடுப்பா" என்றார். பலகையைக் கையால் காட்டினேன். அவர் உதட்டசைத்துப் படித்தார். "கணக்கு கரெக்டாதான் கீது" என்று ஒத்துக்கொண்டு, இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனார். பெருமையில் சட்டியில் இன்னும் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றினேன்.

மணி ஒன்று பத்து. எண்ணெய் கொதிக்கிறது. பன்னிரண்டு பஜ்ஜி மிதக்கிறது. தேர் மேலே இருந்து யாரோ இழுக்கச் சொல்லித் துண்டை வீசினார்கள்.

குந்தியிருந்த தெரு எழுந்து நின்றது. தரையில் கிடந்த சங்கிலி ஒரே இழுப்பில் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. எனக்கும் எதிர்ச் சந்துக்கும் நடுவில் இரண்டு இரும்பு வேலி, வேலிக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான ஆட்கள். கத்தல் காதை அடைத்தது. தேர் அசைந்தது. முக்கு திரும்பும்வரை முனகிக்கொண்டிருந்த அதே தேர், நேர்த் தெரு கிடைத்ததும் ஓடி வந்தது.

முதல் கம்பம் போனது. அரைமணி ஆகவில்லை. நான் சட்டியிலிருந்த பஜ்ஜியைத் திருப்பிப் போடும் நேரம்கூட ஆகவில்லை.

வடத்தில் இருந்த மாமா என்னைப் பார்த்தார். அவர் முகம் இன்றைக்கும் கனவில் வரும். விட்டுவிட்டு ஓடி வரவும் முடியாது, பின்னாலிருப்பவர்கள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். தன் கையாலேயே தேரை இழுத்துத் தன் வண்டி மேல் ஏற்றப் போகிறோம் என்று தெரிந்தும் அவர் ஓடினார்.

"டேய்ய்! எண்ணெய எறக்குடா! எண்ணெய!"

இரண்டாவது கம்பம். நான் அசையவில்லை. கரண்டியைப் பிடித்தபடி, கம்பத்தைப் பார்த்தபடி நின்றேன். மனசுக்குள் திரும்ப வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக.

கோமதி பம்ப் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டு அணைத்தாள். தாம்பாளத்தால் சட்டியை மூடினாள். சட்டியின் ஒரு காதைச் சாக்குத் துணியால் பிடித்துக்கொண்டு, "அந்தக் காத புடி மாமா! மரம் மாதிரி நிக்காத!" என்று கத்தினாள். தோள் துண்டால் பிடித்தேன். கொதிக்கிற எண்ணெயோடு இருவரும் பக்கத்து வீட்டுப் படியில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். ஏறிய வேகத்தில் தாம்பாளம் கடகடவென்று அடித்தது. வண்டி தெருவிலேயே நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டார். "வண்டி! வண்டி!" என்று அலறி, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வீசினார். சக்கரம் கட்டை மேல் ஏறி, கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. தேரில் கட்டியிருந்த வாழை இலை எங்கள் வண்டிக் கூரையைத் தடவிக்கொடுத்தது.

பிறகு ஒலிபெருக்கி.

"பஜ்ஜி வண்டி வச்சிருக்கிற அன்பர் எங்கிருந்தாலும் உடனே வரவும். தேர் உங்களுக்காகக் காத்திருக்கிறது."

இரண்டு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். மாடவீதியே திரும்பிப் பார்த்தது. அதே தொண்டர் விலைப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "நாலு மணி, எட்டு கம்பம், கம்பத்துக்கு அரைமணி... இந்தக் கணக்கப் போட்ட மேதை இவருதாங்க!" என்று என்னைக் காட்டினார். (கணக்கு கரெக்ட் என்று சொன்ன அதே வாய்.) இருபது பேர் வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, சங்கிலிகளைத் தாண்டிச் சந்தில் வைத்தார்கள்.

கட்டை சக்கரத்தில் நன்றாக மாட்டிக்கொண்டது. எடுக்கப் படாத பாடு பட்டார்கள். அவ்வளவு நேரமும் தேர் எங்கள் படிக்கு எதிரிலேயே நின்றது. நானும் படியில் இறக்கி வைத்த எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஒருவழியாகக் கட்டை வெளியே வந்து, தேர் எங்கள் கம்பத்தைத் தாண்டியது. கோமதி எதிர்க்கடைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, மணி ரெண்டரை."

நானும் பார்த்தேன். இரண்டரைதான்.

"உங்க கணக்கு சரியாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தேன்.

சாயந்தரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. அம்மா கொடுத்த காபியை வாங்கவில்லை.

"பொறுப்பு இல்ல. சொன்ன பேச்சு கேக்கல. நின்னுக்கினு கம்பத்த எண்ணிக்கினு இருக்கறான்." அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "பொண்ணு தர மாட்டேன்னுதான் வந்தேன். ஆனா இந்தக் கழுத இவனத்தான் கட்டிக்குவேன்னு நிக்குது. ஆபத்துனா அதுவே பாத்துக்குமாம், இவன் ஒரு காத புடிச்சா போதுமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கண்டிஷன். இனிமே எது எப்ப வரும், எப்ப கிளம்பணும்னு நீ வாயே தொறக்கக் கூடாது. அவதான் சொல்லணும்."

"சரி மாமா."

"மண்டைல ஏத்திக்கினியா?"

போன மாசம் வெண்ணிலா பிளஸ் ஒன் பாடத்தை எனக்கு விளக்கினாள். "நீ போட்டது சராசரி வேகம்பா. நின்ன நேரம், ஓடுன நேரம் எல்லாத்தையும் சேத்து வகுத்தது. மொத்தத்துக்கு அது சரி. ஆனா இந்த நொடி தேர் எவ்ளோ வேகத்துல வருதுனு அது சொல்லாது. அதுக்குப் பேரு உடனடி வேகம்."

"அப்ப நானும் உங்கம்மாவும் எண்ணெயத் தூக்கிக்கினு ஓடுனது எதுக்குப் பயந்து?"

"உடனடி வேகத்துக்கு."

"இத அஞ்சாங்கிளாஸ்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

எங்கள் வீட்டில் பஸ் பிடிக்கவும் சோறு வைக்கவும் நேரம் சொல்வது இன்றும் கோமதிதான். நான் தப்பித் தவறி "பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றால், அடுப்படியிலிருந்து அவளும் கட்டிலிலிருந்து, இப்போது எங்களோடே இருக்கும் மாமாவும் ஒரே குரலில் சொல்வார்கள்: "கம்பத்துக்கு அரைமணி!"

இதை எழுத எத்தனை நேரம் ஆகும் என்று கோமதி கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட முதல் பத்திக்கு மூன்று நாள் ஆனது. மீதி எல்லாம் இன்று காலை ஒரே ஓட்டமாக வந்துவிட்டது.

14.12.2008, ஞாயிற்றுக்கிழமை