நாலாம் கார்டில் இருந்த உன் வீடு

மாதுங்கா,
மும்பை.

சிரஞ்சீவி நகுலுக்கு அப்பா ஜம்புநாதன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. டொரோண்டோவில் உன் சௌக்கியத்தை, என்ன சாப்பிட்டாய் என்ற விவரத்துடன், தெரிவிக்கவும். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நீ "சரிப்பா, ஓகேப்பா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடுதாசி எழுதினால் ஒரு மணி நேரமாவது எங்களோடு இருப்பாய் என்பது அம்மாவின் யோசனை.

போன மாசம் நீ சொன்னாயே, "அப்பா, என் கேம் மெஷின் சும்மாதானே கெடக்கு, செம்பூர் ஆதர்ஷுக்குக் குடுத்துடுங்கோ. கார்டுல இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டுக் குடுங்கோ" என்று. அம்மு அத்தை பிள்ளைக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் முப்பத்திநாலு வருஷம் ரிக்கார்டு செக்‌ஷனில் இருந்தவன் பட்டியல் போடாமல் ஒரு காகிதத்தைக் கிழித்ததில்லை. கார்டு நாலு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. மெஷினுக்குள் ஒரு சமயத்தில் ஒன்றுதான் நுழையும். நுழைந்த கார்டில் உள்ள விளையாட்டுதான் திறக்கும். மற்றதெல்லாம் படம் மட்டும் காட்டிக்கொண்டு, போய் வேறு கார்டைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பும். நம் ஆபீஸ் கவுண்டர் எவ்வளவோ மேல். நான் நோட்டில் ஒன்றாம் கார்டு கால்பந்து, இரண்டாம் கார்டு கார் ரேஸ் என்று எழுதி முடிப்பதற்குள், அம்மா "இத்தனூண்டு சாமான் தொலஞ்சு போயிடும்னா" என்று நாலையும் எடுத்து அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதுவாவது பரவாயில்லை. சரஸ்வதி பூஜையன்று உன் பழைய புஸ்தகங்களோடு மெஷினையும் கார்டுகளையும் வைத்து, குழந்தை தொட்ட சாமான் ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று, ஒவ்வொரு கார்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டிருக்கிறாள். முன்பக்கம் எழுத்து இருக்கிறதாம், எழுத்து சரஸ்வதியாம், அதை மறைக்கலாமா என்று பின்பக்கம், அந்தத் தங்கக் கோடுகள் மேலேயே.

விஜயதசமியன்று பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டுமில்லையா? உன் புஸ்தகத்தில் ஒரு பக்கம் படித்தேன். மெஷினைப் போட்டால் கார்டே இல்லை என்கிறது. நாலையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு தாராவியில் மொபைல் ரிப்பேர் செய்கிற அப்துல் ஹாதியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், கார்டுக்குக் கல்யாணமா? சந்தனமெல்லாம் பூசி கூட்டியாந்திருக்கீய!" என்றான். ஸ்பிரிட்டால் துடைத்து, மூன்றாம் கார்டைப் போட்டான். "சாயங்காலமா வீட்ல வச்சு நல்லா பாத்துக்கிடுங்க சார், ஓடுது" என்றான்.

வீட்டில் வந்து திறந்தேன். ஏரிக்கரையில் ஊர் கட்டுகிற விளையாட்டு. தபால் பையோடு ஒரு கரடி ஓடி வந்தது. "நகுல்! பதினாலு மாதமாக எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டது. நான் மெஷினைக் கீழே வைத்துவிட்டேன். நகுல், அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்டதே இல்லை, ஒரு கரடி கேட்டுவிட்டது. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளே உன் வீடு. நம் வீட்டைப் போலவே நீலக் கதவு. வாசலில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா என்று பலகை. இரண்டிலும் யாரும் இல்லை. இப்படி ஒன்று செய்து வைத்திருக்கிறாய் என்று ஏனடா சொல்லவே இல்லை? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரிக்கரைதான். அம்மா உன் செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். இங்கே பால்கனி துளசி வாடிக் கிடக்கிறது.

இனி வருவதை நிதானமாகப் படி. போன திங்கட்கிழமை, புது அப்டேட்டுக்கு மூன்றாம் கார்டில் இடம் போதாது என்று மெஷின் சொன்னது. நாலாம் கார்டு பாதி காலி. இரண்டு மணி நேரம் கார்டை மாற்றி மாற்றிப் போட்டு ஏரிக்கரையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் நோட்டில் பார்த்தால் மூன்றாம் கார்டிலும் ஏரிக்கரை, நாலாம் கார்டிலும் ஏரிக்கரை. எங்கள் செக்‌ஷனில் ஒரு ஃபைலை மாற்றினால் பழைய பிரதி அங்கேயே கிடக்கும், அதைக் கழிப்பதுதான் என் உத்தியோகமே. மூன்றாவதில் இருப்பதாக நினைத்துக் கழித்தேன், மெஷினுக்குள் இருந்ததோ நாலாம் கார்டு. அழிக்கும்போது மெஷின் இங்கிலீஷில் நாலு வரி ஏதோ கேட்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டே ரிட்டயர் ஆனவன் நான், சரி என்று அமுக்கினேன். அப்புறம் மூன்றாம் கார்டைப் போட்டுப் பார்த்தால் அதிலும் ஏரிக்கரை இல்லை. மெஷினில் மாற்றினால் பழைய இடத்தில் ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது. இருந்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் அழித்திருக்கிறேன். "ஏன்னா, கொழந்தை கட்டின வீட்டை இடிச்சுட்டேளே!" என்றாள் அம்மா. ஐந்து நாளாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீதான் அழிக்கச் சொன்னாய், வாஸ்தவம். ஆனால் அப்போது உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு. தீபாவளிக்கு ஆதர்ஷ் வரும்போது மெஷினைக் கொடுத்துவிடுகிறேன். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எல்லா நலமும் பெற்று நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டை அழித்த அப்பா

பி.கு.: கடுதாசியை ஒட்டுவதற்குள் அம்மா என்னை அப்துல் ஹாதியிடம் துரத்தினாள். அவன் அந்த நாலு வரியைப் படித்துக் காட்டினான். விளையாட்டு மட்டும்தான் அழியும், நீ சேர்த்து வைத்ததெல்லாம் அழியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "அது கார்டுல இல்ல சார், மெஷினுக்குள்ளயே இருக்கு. நீங்க எந்தக் கார்ட மாத்துனாலும் அது அங்கனதான் கெடக்கும்" என்றான். விளையாட்டை நெட்டிலிருந்து திரும்ப இறக்கிக் கொடுத்தான். நீலக் கதவு, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே மேலே எழுதியதில் ஆசீர்வாதம் தவிர ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதே. ஆதர்ஷ் கேட்டால் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடு, நானும் அதையே சொல்கிறேன். கரடி மறுபடி எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. பதிலுக்கு இரண்டு வாக்கியம் காட்டியது: "வேலை இருந்தது", "வந்துவிட்டேன், இனி போகமாட்டேன்". இந்த முறை நன்றாகப் படித்துவிட்டு இரண்டாவதை அமுக்கினேன். உன் பெயரில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பத்து நாளாவது அதை மெய்யாக்கப் பார்.