ஈ தின்னும் தெய்வம்

மண்டபத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை என் போட்டோ ஸ்டூடியோ வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய்விடும். உள்ளே இருப்பவர் சாமியார் அல்ல, சாமியார்கள் மலிந்துவிட்டார்கள். இவர் புதுச் சரக்கு. பட்டம், இலைவாக்கர். அவர் வாக்குச் சொல்ல மாட்டார். அவருடைய செடி சொல்லும்.

பெரிய மரம் எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கை அகலத் தொட்டியில், ஓரமெல்லாம் முள் வைத்த சிப்பி போல வாய் பிளந்து நிற்கும் செடி. ஈ உள்ளே உட்கார்ந்தால் பட்டென்று மூடிச் செரித்துவிடும். வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் பூச்சி பிடிக்க வாங்கி வைப்பார்கள். இலைவாக்கர் அதற்கு மேடை போட்டு, பட்டுத்துணி விரித்து, 'கண்ணேறு தின்னும் தாய்' என்று பெயரும் சூட்டிவிட்டார். பல தொட்டிகள். எல்லாமே தாய்.

வீட்டில் கஷ்டமா? வீட்டாரின் தலைமுடியை ஆளுக்கொன்றாகக் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதிக்கொண்டு வர வேண்டும். இலைவாக்கர் முணுமுணுத்தபடி ஒவ்வொரு முடியாகச் செடியின் வாய்க்குள் விடுவார். வாய் மூடாவிட்டால் முடிக்காரர் நல்லவர். மூடினால் அவர் கண்தான் குடும்பத்தைக் கெடுக்கிறது. மேல்முறையீடு கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. யார் மேல் ஏற்கனவே கடுப்போ, செடி அவர் முடியைத்தான் கடித்தது. மாமியார் வந்தால் மருமகள். மருமகள் வந்தால் மாமியார். "என்ன கஷ்டம்ணே, யாரால?" என்று டோக்கன் கொடுக்கும் ஆள் வரிசையில் விசாரித்துவிட்டு உள்ளே போய்ப் போய் வருவதை நான் கடையில் இருந்தபடியே பார்ப்பேன். வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பேராசிரியரும் பார்த்தார். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று மெச்சிக்கொண்டார்.

எங்கள் தெருக் கீரைக்காரரும் ஒரு நாள் போய் நின்றார். கூடையில் விற்பவர் அல்ல. வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்கத் தட்டுத் தட்டாக அடுக்கி, தட்டுக்கொரு விளக்குப் போட்டு, ஓட்டல்களுக்குக் கீரை வளர்க்கிறவர். அந்த அறையைக் கவனித்துக்கொண்டது அவருடைய தம்பி மனைவி. கொஞ்ச நாளாக மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பின. அவற்றின் புழுக்கள் வேரைத் தின்றன. நாற்றெல்லாம் தலை சாய்ந்தது.

"மாமா, தண்ணிய அதிகமா ஊத்துறீங்க. ஈரம் காயவே இல்லன்னா புழு வைக்கத்தான் செய்யும்" என்றாள் அவள்.

மூத்தவரான கீரைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு குடம் சேர்த்து ஊற்றினார். அவள், இலையெல்லாம் பசைத்துளியாக நிற்கும் சின்னச் செடிகளை வாங்கி வந்து தட்டுகளுக்கு நடுவே வைத்தாள். பறந்த ஈக்கள் அதில் ஒட்டிச் செத்தன. ஆனால் இவர் தண்ணீரை நிறுத்தவில்லை. அதனால் புழுவும் நிற்கவில்லை.

டோக்கன் ஆளிடம் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் மூத்தவர் உள்ளே போனார். செடி யார் முடியைக் கடித்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"பூச்சிக்குக் காரணம் பூச்சி இல்லப்பா, கண்ணு!" என்றார் இலைவாக்கர். "அவ கொண்டாந்து வச்ச செடியில கறுப்புக் கறுப்பா ஒட்டியிருக்குன்னியே, அது என்ன? சூனியம்!"

செத்த ஈ சூனியம் ஆயிற்று. அவள் செடி ஈயைத் தின்றால் சூனியம், இவர் செடி ஈயைத் தின்றால் தெய்வம். மூத்தவர் அவளுடைய தொட்டிகளைக் குப்பையில் கொட்டினார். இலைவாக்கரிடம் தாய்த் தொட்டிகளை வாங்கி வந்து, அவற்றுக்கும் தண்ணீரும் உரமும் வயிறு முட்ட ஊற்றி அழுக வைத்தார். பிறகு கீரை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன் பொண்டாட்டி இங்க இருந்தா நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன்டா. அவ பொறந்த வீட்டுக்குப் போகட்டும்."

தம்பி தரையைப் பார்த்தார். நல்ல தரை போலிருக்கிறது, ரொம்ப நேரம் பார்த்தார்.

போவதற்கு முன் அவள் மண்டபத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் கண்ணைக் கழித்துவிட்டுப் போக வேண்டும் என்பது இலைவாக்கரின் உத்தரவு. படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு இத்தனை பேர் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

கையில் பெட்டியும் தோளில் துணிப்பையுமாக அவள் வந்தாள். அழுதிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"நான் போயிடறேங்க ஐயா. அதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு முடி பாத்துச் சொல்லுங்க. எனக்கும் வீட்ல ஒருத்தர் மேல சந்தேகம்."

"கொண்டாம்மா. உன் சந்தேகம் வீண் போகாது" என்றார் இலைவாக்கர். வீண் போகவில்லை. முடி உள்ளே போனது, செடி வாயை மூடியது.

"அடேயப்பா! இது குடும்பத்தையே பொசுக்குற கொள்ளிக்கண்ணு. இதோட ஒப்பிட்டா உன் கண்ணு ஒண்ணுமே இல்ல. அந்த ஆளையும் கூட்டிட்டு வா!"

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

பைக்குள் கையை விட்டு ஒரு பழைய பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து மேடையில் உட்கார வைத்தாள். தலையில் பாதி முடி இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை.

"முடி இதோடதுதான். கொள்ளிக்கண்ணுன்னீங்களே, எங்க இருக்குன்னு காட்டுங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். நம் ஜனங்களைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"பாத்தீங்களா!" என்று இலைவாக்கர் துள்ளி எழுந்தார். "பொம்மைக்குள்ள பதுங்கியிருக்கறதைக்கூடத் தாய் கண்டுபிடிச்சிட்டா!"

மண்டபமே "ஆ!" என்றது. பேராசிரியர் பொம்மையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அவள் மூலையில் கிடந்த துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவி வந்து, திறந்த வாயோடு நின்ற அடுத்த தொட்டியை முன்னால் இழுத்தாள்.

"வாய்க்குள்ள சின்னதா மயிர் நிக்குது பாருங்க. தொடறேன்." தொட்டாள். செடி சும்மா நின்றது. "துடைப்பம் நல்லது. இப்ப மறுபடி தொடறேன்." பட்டென்று மூடியது. "துடைப்பம் கெட்டது. உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்க, அப்படியே தீர்ப்புச் சொல்ல வைக்கிறேன்."

அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு தடவை பட்டால் மூடாது. உடனே மறுபடி பட்டால் மூடும். தூசிக்கும் மழைத்துளிக்கும் ஏமாறாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கும் வழி அது. வேண்டியவர் முடி ஒரு தடவை, வேண்டாதவர் முடி இரண்டு தடவை. இலைவாக்கரின் மொத்த சாத்திரமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

"என் முடிய ரெண்டாந்தடவ தொட வச்சது யாரு மாமா?" என்று அவள் மூத்தவரைக் கேட்டாள். "வரிசையே கேக்க டோக்கன் கொடுக்கறவர்கிட்ட வாய விட்டீங்களே, நீங்கதான்."

எல்லாரும் டோக்கன் ஆளைத் தேடினார்கள். செருப்பு மட்டும் இருந்தது. பிறகு ஆளுக்கொரு குச்சியோடு மேடைக்குப் பாய்ந்தார்கள். மாமியார் ஒரு தொட்டி, மருமகள் ஒரு தொட்டி. "தாயைத் தொடாதீங்க!" என்ற அலறல் யார் காதிலும் விழவில்லை. சற்று நேரத்தில் அந்த மேடையில் திறந்திருந்த வாய் இலைவாக்கருடையது ஒன்றுதான். அதை நான் படம் பிடித்துக்கொண்டேன்.

மூத்தவர் இடுப்பிலிருந்த சாவியைத் தடவியபடி, "வீட்டுக்கு வாம்மா" என்றார்.

"வர்றேன். ஆனா சாவி என்கிட்டதான் இருக்கும். இனிமே தண்ணி நான் ஊத்துவேன்."

சாவி கை மாறியது. தனக்கும் கை இருப்பது தம்பிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மண் காய்ந்தது, புழு ஒழிந்தது, மிச்சம் பறந்ததைப் பசைச்செடிகள் பார்த்துக்கொண்டன. என் ஸ்டூடியோ வாசலில் இப்போது அந்தப் படம் தொங்குகிறது. நேற்று பேராசிரியர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒருவர் மீன் தொட்டியை வைத்துக் குறி சொல்கிறாராமே, விலாசம் தெரியுமா என்று கேட்டார்.

மூளையே இல்லாத செடி அது. முதல் தடவை பட்டதை நம்பாமல், மறுபடி படுகிறதா என்று காத்திருந்து பார்க்கிறது. மூளையைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றவர்களே, நீங்கள் என்றைக்காவது காத்திருந்து பார்த்தீர்களா?