ஆமையண்ணன் வீட்டு அபிப்பிராயம்

சென்னை மாநகரத்தில் ஒரு ஷேர் ஆட்டோவைக் குப்பை லாரி முந்திக்கொண்டு போயிருக்கிறது என்றால், சத்தியமாக அது எங்கள் ஆமையண்ணனின் ஆட்டோவாகத்தான் இருக்கும். ஷேர் ஆட்டோ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் இரண்டாவது கால் உள்ளே வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும். இறங்கும்போது முழு ஆளும் இறங்கினோமா என்று பார்க்க நாதி இருக்காது. அந்தக் குலத்தில் பிறந்த ஒருவர், திருவொற்றியூர் தேரடியில் ஏறியவர்களை ராயபுரம் கல்மண்டபத்தில் இறக்கிவிடுவதற்குள் அவர்களுக்கு நரை விழ வைத்தார். ஸ்டாண்டில் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டோம்.

பிறவியிலேயே அவர் ஆமை இல்லை. ஒரு காலத்தில் அவரும் மற்றவர்களைப் போலப் பறந்தவர்தான். அவரை ஆமையாக்கியது ஒரு நாவல். அதுவும் நகைச்சுவை நாவல்.

அந்த ஆட்டோவின் பின்சீட்டில் காலை நேரத்தில் நாங்கள் மூன்று பேர் நிரந்தரம். கப்பல் சரக்குப் பேப்பர்களோடு ஓர் ஆபீசில் மாரடிக்கும் நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் எஸ்தர் டீச்சர் இன்னொருவர். நாசரேத் பக்கத்துக்காரர், வீட்டுக்காரருக்குத் தேரடியில் மளிகைக் கடை. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் செல்வியக்கா. சீட்டில் பாதி அவருடையது. மீதிப் பாதியில் நானும் டீச்சரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவோம்.

நாவல் வந்தது டீச்சர் வீட்டுக் கடையிலிருந்து. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் கிடந்ததாம். முதல் அத்தியாயம் ஏற்கெனவே கடுகு மடிக்கப் போய்விட்டது. மிச்சத்தை டீச்சர் காப்பாற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “சத்தமா படி. வழி நெடுக லாரி ஆரன் கேக்கதுக்கு இது தேவலாம்,” என்றார்.

கதாநாயகி பெயர் கொடிமலர். பெயர்தான் கொடி, ஆள் குண்டு. எழுதியவர் அதை வைத்தே புத்தகம் முழுக்கக் கிச்சுக்கிச்சு மூட்டியிருந்தார். அவள் ஊஞ்சலில் உட்கார்ந்தால் சங்கிலி அறும். தராசில் ஏறினால் முள் கதறும். பெண் பார்க்க வந்த அன்று கொடிமலர் நாற்காலியில் உட்கார, நாற்காலி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. செல்வியக்கா சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. தன் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அவர். டீச்சர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது வண்டி நின்றது. ஸ்டாப்பிங்கும் இல்லை, சிக்னலும் இல்லை. தாங்கல் பக்கம், நட்டநடு ரோடு. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆமையண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“சேர் ஒடைஞ்சா சேர் செஞ்சவனைக் கேக்கணும். அந்தப் பொண்ணைப் பாத்து இன்னாத்துக்கு சிரிக்கிறானுங்க?”

“கதைண்ணே,” என்றேன்.

“கதையில சேரு யாரும் செய்யலியா?”

இதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. லாரிக்காரனிடம் இருந்தது, அதை அச்சில் ஏற்ற முடியாது.

மறுநாள் காலை ஏறி உட்கார்ந்ததுமே அவர் ஆரம்பித்தார். “எங்கூட்ல ஒண்ணு சொல்லிச்சு. பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி துன்னாங்களே, அத்த எத்தினின்னு எழுதிக்கீறானான்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு துன்னா மட்டும் ஒண்ணொண்ணா எண்ணிகினு கீறான்.”

அப்படித்தான் எங்கள் ஆட்டோவுக்குள் அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். தனம் என்று பெயர். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்றவர். நல்ல ஆகிருதி என்பது அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். “ஏலத்துல அது முன்னாடி நின்னா பின்னாடி கீறவனுக்கு மீனு இல்ல, கடலே தெரியாது,” என்பார், தன் வீட்டில் ஒரு கப்பல் இருப்பது போன்ற பெருமையோடு. இப்போது இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, மற்ற நாளெல்லாம் காலடிப்பேட்டை வீட்டில் படுக்கை. தண்ணீர்கூட டம்ளர் கணக்கு. உப்பு இல்லை, பழம் இல்லை, மீனும் இல்லை.

“நீ காலைல படிக்கிறத நான் சாயங்காலம் போய் சொல்றேன் தங்கச்சி,” என்றார் அண்ணன். “அத்தக் கேக்கறப்ப மட்டும்தான் சிரிக்குது. வேகமா ஓட்டினா பாதி மறந்துபூடுது. அந்தப் பொண்ணு கடசில நல்லா இருக்குமான்னு தெனிக்கும் கேக்குது.”

வண்டி ஆமையானது இதனால்தான். அத்தியாயம் முடியாமல் ஸ்டாப்பிங் வந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே தலையில் அடித்துக்கொண்டு வேறு வழியில் ஓடும். எங்கள் அண்ணன் அங்கே டீக்கடை வைத்திருக்கும் தோஸ்துக்குப் போன் போட்டு, கேட் மூடியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, மூடியிருந்தால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார். கூட்ஸ் ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருக்கும். நான் படித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து பைக்காரர்கள்கூட ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள்.

முன்சீட்டில் ஏறுகிறவர்கள் பாடு இதைவிட மோசம். ஒருநாள் காதில் ஹெட்போன் மாட்டிய பையன் ஒருவன் கையைக் காட்டினான்.

“கத போய்கினு கீது. காதுல மாட்டிகினு கீறதைக் கழட்டிட்டு ஏறு நைனா.”

“நான் காசு குடுத்துத்தானே வரேன்?”

“கேக்கறதுக்கு யாரு உன்னாண்ட காசு கேட்டா?” என்று சொல்லி, பாவம், அவனுக்கு முன்கதைச் சுருக்கம் முழுவதையும் சொல்லி முடித்துத்தான் வண்டியை எடுத்தார். அவன் இறங்க வேண்டிய இடம் அடுத்த ஸ்டாப்பிங்.

ஆக, தினமும் காலையில் எங்களுக்குத் தனம் அக்காவின் அபிப்பிராயம் வந்துவிடும். கொடிமலர் பட்டினி கிடந்து, தாங்காமல் அடுக்களையில் ஒளிந்து சாப்பிடும் இடத்துக்கு நாங்கள் மூவரும் சிரித்திருந்தோம். மறுநாள் மேலிடத்துத் தீர்ப்பு வந்தது. “அவ வூட்டு சோறு. அவ துன்றா. இதுல இன்னா திருட்டு கீது?” செல்வியக்காவுக்கு இந்தத் தீர்ப்புகள் பிடிக்காது. “கதைன்னா சிரிச்சிட்டுப் போவணும்ணே. உன் பொண்டாட்டி சொம்மா கேஸ் நடத்துது,” என்பார். டீச்சர் கட்சி வேறு. “ஒடம்பக் கொறைக்கணும்னு புத்தி சொல்லுத கதை இது,” என்பார். கொடிமலர் திருவிழாவில் ராட்டினம் ஏறி, கைப்பிடியை விட்டுவிட்டுக் கூச்சல் போடும் ஓர் இடம் உண்டு. அந்த ஒன்றைத்தான் அக்கா மறுபடி கேட்டாராம். அண்ணன் அதற்காக என்னையும் மறுபடி படிக்கச் சொன்னார். நானும் ராட்டினத்தோடு ராட்டினமாகச் சுற்றிச் சுற்றிப் படித்தேன்.

மாதங்கள் போகப் போக அண்ணன் பேச்சு குறைந்தது. ஒருநாள் செல்வியக்காதான் கேட்டார். “அக்கா எப்பிடி கீதுண்ணே?”

“பாதியாயிடுச்சு. பாக்க வர்ற பொம்பளைங்க, இளைச்சு சோக்கா கீறேன்றாளுங்க. அது சொல்லுது, அந்த ஒடம்பு இருந்த வரிக்கும் ஒருத்தியும் சோக்கா கீறேன்னு சொல்லல, சாவப்போற நேரத்துல சொல்றாளுங்கன்னுட்டு சிரிக்குது.”

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். எங்கள் சீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. செல்வியக்காவுக்குக்கூட வரவில்லை. “சீக்கிரம் முடிச்சிடு தங்கச்சி. அந்தப் பொண்ணு நல்லா இருக்குதுன்னு அது கேட்டுடட்டும்,” என்றார் அண்ணன்.

அன்று வீட்டுக்குப் போய், அவருக்குத் தெரியாமல் முன்னால் போய்ப் படிக்க மாட்டேன் என்று எப்போதோ செய்து கொடுத்திருந்த சத்தியத்தை மீறி, கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம். கொடிமலருக்கு டைபாய்டு காய்ச்சல் வருகிறது. படுத்த படுக்கையாகிக் குச்சியாக இளைத்துவிடுகிறாள். பார்க்க வந்த மாப்பிள்ளை அவள் அழகில் சொக்கிப்போய்த் தாலி கட்டுகிறான். டைபாய்டுக்கு நன்றி சொல்லி ஒரு நகைச்சுவை வசனத்தோடு சுபம். அந்த எழுத்தாளர் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால், அவரைச் செல்வியக்காவுக்கும் டீச்சருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொருக்குப்பேட்டை வரை கூட்டிப் போயிருப்பேன்.

காலையில் அண்ணன் வருவதற்கு முன் தேரடியிலேயே எங்கள் அவசரக் கூட்டம் நடந்தது.

“கடசிப் பக்கமும் கடுகு மடிக்கப் பூடுச்சுன்னு சொல்லிடலாம்,” என்றார் செல்வியக்கா.

“பொய்யா? என் வாயால வராது,” என்றார் டீச்சர்.

“அப்ப காச்சல் வந்து இளைச்சு அழகாயிட்டான்னு அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பறியா?”

“எழுதினவரு இப்படி எழுதிட்டாருட்டி. நாம எப்படி மாத்த?” என்றார் டீச்சர், மெதுவாக.

அன்றைக்கென்று கேட் மூடியிருந்தது. மணலியிலிருந்து வந்த டேங்கர் ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன். “கொடிமலருக்குக் காய்ச்சல் வந்தது,” என்று வாய் பாட்டுக்குப் படித்துவிட்டது. “உடனே சரியாகிவிட்டது,” என்று சமாளித்தேன்.

“அப்பால?” என்றார் அண்ணன்.

அப்பால எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது எஸ்தர் டீச்சர் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டைபாய்டு வரிகளின் மேல் விரலை ஓட்டியபடியே, பள்ளிக்கூடத் தமிழில் கணீரென்று படிக்க ஆரம்பித்தார். “கொடிமலரின் திருமணம் இனிதே நடந்தது. முதல் பந்தியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கி வந்தான். அவள் போதும் என்றாள். அவன், போதும் என்று யாருக்காகச் சொல்கிறாய் என்று கேட்டான். பிறகு அவள் இலையை மறைக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டாள். கடைசி வரை அப்படியே, அதே உடம்போடு, சௌக்கியமாக இருந்தாள்.”

வாழ்நாளில் பொய்யே சொல்லாத மனுஷி, ஒரு இடத்தில்கூடத் திக்காமல் பொய் சொன்னார். செல்வியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட் திறந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்த பிறகும் அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. “பந்தியில பாயாசம் இருந்துச்சா டீச்சரம்மா?” என்று கேட்டார். “இருந்தது,” என்றார் டீச்சர்.

மறுநாள் காலை நாங்கள் பயந்துகொண்டே ஏறினோம். அண்ணன் வண்டியை உருட்டியபடி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். “இத்த எழுதினவன் சொல்லலன்னுச்சு. இம்மா நாளு அந்தப் பொண்ண வெச்சு காமெடி பண்ணவனுக்கு வாளி தூக்க மனசு வராதாம். அந்தப் புள்ளைங்க சொன்னதுதான்னு கண்டுபுடிச்சிருச்சு.”

நாங்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

“ஆனா மறுக்கா சொல்லுன்னுச்சு. சொன்னேன். பாயாசத்தை மட்டும் மெதுவா சொல்லுன்னுச்சு.”

அதற்கப்புறம் தனம் அக்கா அதிக நாள் இல்லை. காலடிப்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே படுத்திருந்தவரைப் பார்த்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பத்து வயதுப் பெண் பிள்ளையின் அளவுதான் இருந்தார். ஆமையண்ணன் பெரிய ரோஜா மாலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கோயில் தேருக்குப் போடுகிற அளவு. அதைச் சாத்தியபோது கால் தாண்டித் தரையில் பாதி கிடந்தது. சொந்தக்காரர் ஒருவர், “இன்னா மாமு, இம்மாம் பெரிசா?” என்றார்.

“எங்கூட்டுக்குன்னேன். பூக்காரன் அளவு கேட்டான். எப்பவும் கீற அளவுதான் சொன்னேன்,” என்றார் அண்ணன். செல்வியக்காதான் குனிந்து, அந்த மாலையை மடித்து மடித்து அக்காவைச் சுற்றி வைத்தார்.

காரியம் முடிந்து அவர் வண்டிக்குத் திரும்பியபோது ஆமை போய்விட்டிருந்தது. கல்மண்டபத்துக்குச் சீக்கிரமே போய், ஆபீஸ் திறக்காத நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் தெருவில் நிற்போம். அவரும் பேசுவதில்லை. ஒரு வாரம் பொறுத்த டீச்சர், ஒருநாள் கடைப் பேப்பர்க் கட்டிலிருந்து வேறொரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். யாரையும் கேட்காமல் முதல் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். தாங்கல் தாண்டுவதற்குள் வண்டியின் வேகம் குறைந்தது.

“மெதுவாப் படி டீச்சரம்மா. சாயங்காலம் எங்கூட்ல கேக்கும்,” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஹேண்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. செல்வியக்கா கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார். டீச்சர் புத்தகத்தை மூடவில்லை.

“சரிங்கய்யா,” என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும், வீட்டில் போய் அவர் ஒரு வார்த்தை விடாமல் சொல்லும்படி, மெதுவாகப் படித்தார்.