பன்னிரண்டு மணிக்கே போனவன்

நிகழ்தகவை முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் நான். ஆயினும், ஒரு காரியம் நல்லபடியாக முடியவும் வாய்ப்புண்டு என்பதை என் சொந்தக் கணக்குகளில் ஒருபோதும் சேர்த்ததில்லை. என் மனைவியோ வேறெதையும் சேர்த்ததில்லை.

எங்கள் மகனின் நிச்சயதார்த்தம் ராயபுரத்து மண்டபம் ஒன்றில், மாலை ஆறு மணிக்கு. வீடு திருவொற்றியூரில். இடையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். அவை வரிசைகட்டி நின்றால் ஆம்புலன்சும் நிற்கும். ஆகவே பெண்ணுக்குரிய பட்டுப்புடவை, பழம், இனிப்பு என ஒன்பது தட்டுகளுடன் நண்பகலிலேயே வேனில் ஏறினேன்.

“ஆறு மணிக்குப் பன்னெண்டுக்கா? நீங்க போங்க. நான் அஞ்சுக்கு வர்றேன்” என்றாள் மனைவி.

அன்று பார்த்துச் சாலையில் ஒரு லாரிகூட இல்லை. அரை மணியில் மண்டபம். உள்ளே வேறொரு குடும்பத்தின் காதுகுத்து, தாய்மாமனுக்காகக் காத்திருந்தது. நானும் வேன் ஓட்டுநரும் தட்டுகளை வாசலில் இறக்குவதைப் பார்த்த பெரியவர் ஒருவர் உள்ளே குரல் கொடுத்தார்.

“மாமன் வூட்டு சீரு வந்துடுச்சிம்மா.”

குழந்தையின் தாய் ஓடி வந்தாள். அண்ணனோடு மனத்தாங்கல் என்பதும், புகுந்த வீட்டார் காலையிலிருந்து அதைக் குத்திக்காட்டினார்கள் என்பதும் எனக்குப் பின்னர் தெரிந்தவை.

“வராட்டியும் ஆளையாச்சும் அனுப்ச்சாரே எங்கண்ணன்” என்று கண்ணைத் துடைத்தாள்.

“இல்லம்மா, நான் வந்து...”

“இன்னா நைனா, நின்னுகினே கீற? மாமனுக்குப் பதிலு நீதான் மடில வெச்சிக்கணும். குந்து” என்று பெரியவர் தோளை அழுத்தினார். (வேன் ஓட்டுநர் அதற்குள் பந்தியில் அமர்ந்துவிட்டார்.)

நான் மறுக்க வாயெடுத்தபோது ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டு என் வேட்டியை நனைத்தது. நிமிர்ந்தால், தாய் எங்கள் தட்டிலிருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மாமியார் எதிரில் தலைநிமிர்ந்து நின்றாள். அதன்பின் உண்மையைச் சொல்ல நான் பெற்ற பட்டங்களில் ஒன்றும் உதவவில்லை. பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்பு மண்டபத் தொலைபேசியில் மனைவியை அழைத்து, நிச்சயம் நின்றுவிடும் என்று அறிவித்தேன்.

“அந்தப் பொண்ணுக்குப் புடவை நல்லாருக்கா?”

“இருக்கிறது.”

“அப்ப விடுங்க. மணி ரெண்டுதானே? எம்.சி. ரோட்டுல புடவைக்கா பஞ்சம்? நல்லவேளை, பன்னெண்டுக்கே போனீங்க.”

ஐந்தரைக்குப் புதுப்புடவையுடன் வந்தாள். நிச்சயம் நிற்கவில்லை. உண்மையறிந்த அந்தப் பெண் மறுவாரம் புடவையைத் திருப்பித் தர வந்தாள். “மாமன் சீரைத் திருப்பிக் கொடுத்தா ஆகாது” என்று மனைவி வாங்க மறுத்துவிட்டாள். அன்று முதல் நான் அந்தப் பெண்ணுக்கு அண்ணன். நான் எங்கேனும் சீக்கிரம் கிளம்பினால், “இன்னிக்கு யாருக்குப்பா மாமன்?” என்று மகன் இன்றும் கேட்கிறான்.

மனைவி போய் எட்டு மாதமாகிறது. அவளுடைய கடைசி மருத்துவ அறிக்கையை இருவரும் சேர்ந்தே படித்தோம். என் கணக்குத்தான் சரியாயிற்று. அதில் எனக்குப் பெருமையில்லை.

வரும் ஞாயிறு, அன்று காது குத்திய அந்தக் குழந்தைக்குத் திருமணம். வருடம் திரும்பாமல் சுபகாரியத்துக்குப் போகலாகாது என்கிறார்கள் உறவினர். “அண்ணே, நீ வராம தாலி ஏறாது” என்கிறாள் அவள் தாய்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு, அதே மண்டபத்தில். வேனை ஏழுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். லாரிகள் நிற்கும் என்றே நினைக்கிறேன். நின்றால், புடவைத் தட்டோடு இறங்கி நடப்பேன்.