ஆண் பூச்சிகள் என்னைப் பெண் பார்த்த அன்று

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு உன் தம்பி எழுதுவது. மூட்டுவலி தணிந்து நீ நலமாக நடமாடுவாய் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

மகளுக்கு ஒத்தாசையாக இருக்கலாமே என்றுதானே வந்தேன்? அவள் அந்துப்பூச்சியின் உணர்கொம்பை ஆராய்கிறாள். ஆண் பூச்சிக்கு அந்தக் கொம்புதான் மூக்கு. பெண் பூச்சியின் வாசனை அதில் பட்டதும், அங்கே இருக்கிற நொதி அதை உடனே உடைத்துத் தள்ளிவிடுமாம். பழைய வாசனை ஒழிந்தால்தான் அடுத்தது புரியும், வழி தெரியும். நொதியை முடக்கினால் பூச்சி திக்குத் தெரியாமல் சுற்றும் என்பது இவள் கட்சி. அதை நேரில் பார்க்க இன்று அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. இன்றைக்கென்று பார்த்தா எனக்குச் சுத்தம் செய்யும் ஆசை வரவேண்டும்! காலையில் ஆய்வுக்கூடத்தில் அவள் மேசையைத் துடைக்கப்போய் ஒரு குப்பியைக் கவிழ்த்துவிட்டேன். முகர்ந்தால் ஒரு வாசனையும் இல்லை. தண்ணீர்தான் என்று கைக்குட்டையால் ஒற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வலைக்கூண்டின் ஓரம் போய் நின்றேன். அறையளவு கூண்டு. ஒரு முனையில் மின்விசிறி, அதன் முன்னால் பெண் வாசனை தோய்த்த பஞ்சு. மறுமுனையில் மகள் பூச்சிகளைத் திறந்துவிட்டாள். அத்தனையும் பஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் வந்து வலையில் அப்பிக்கொண்டன அக்கா! மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, என் மேசையில இருந்த குப்பியைத் தொட்டீங்களா?"

"தண்ணிதானேம்மா... லேசாக் கொட்டிடுச்சு."

"மனுஷ மூக்குக்கு அது தெரியாதுப்பா! பெண் பூச்சியோட வாசனை அது!"

"அப்போ சோதனை அவ்வளவுதானா?" என்று தலைமை அதிகாரி எழுந்தார். பெண்ணின் உழைப்பை, பெற்ற அப்பனே துடைத்துப் போட்டேனே! அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காருங்க சார். பஞ்சுக்குப் பதிலா எங்கப்பா நிப்பாரு" என்று என்னைக் கூண்டுக்குள் தள்ளி விசிறி முன்னால் நிறுத்திவிட்டாள். "அசையாதீங்கப்பா, உங்களைக் கும்பிடுறேன்." முதலில், நொதியை முடக்காத தெம்பான பூச்சிகள் நூல் பிடித்தாற்போல வந்து சட்டையில் உட்கார்ந்தன. அவற்றைப் பிடித்து அடைத்தாள். என் மீசைக்குள் புகுந்த ஒன்று மட்டும் அகப்படவில்லை. மூக்கு நமநமவென்றது. தும்மினால் மகள் குடி முழுகிப்போகும். கண்ணில் நீர் வழிய அடக்கினேன். அடுத்து, நொதி முடக்கிய கூட்டம். கிளம்பின, கிறுகிறுத்தன, வலையில் முட்டின. ஒன்றுகூட என்னிடம் வந்து சேரவில்லை. அதிகாரி மெல்லத் தலையாட்டி, "தொடரட்டும்" என்றார். அப்புறம்தான் தும்மினேன், பூச்சியும் என் மானமும் சேர்ந்து பறந்தன.

போதும் அக்கா. இனி அந்த ஆய்வுக்கூடத்துப் படியை மிதித்தால் என்னை ஏனென்று கேள். நாளைக்கே கிளம்பி வருகிறேன், மாடியறையைப் பெருக்கி வை. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அறையைப் பெருக்க வேண்டாம். அடுத்த வாரம் வேறொரு குழு பார்க்க வருகிறதாம். பஞ்சே போதும் என்று மகள் தலைகீழாக நின்று பார்த்தாள். "பஞ்செல்லாம் சரிப்படாதும்மா, அனுபவம் வேணும்" என்று சொல்லிவிட்டேன்.