சிவப்பு மாப்பிள்ளைக்குத் தாராபுரத்துச் சம்பந்தம்

மீன் கடை ரங்கராஜ் வலையில் அள்ளிக் காட்டிய பெண் மீனைத் தம்பிதுரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“இதும் எங்கூட்டுச் சிவப்பும் ஒரே தொட்டீல பொறந்ததுங்களா?”

“ஆமாங்ண்ணா. ஒரே தாய்க்குப் பொறந்ததுங்க.”

“அப்பப் பங்காளி ஆச்சே! பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கறதுங்களா? சனம் என்ன பேசும்?”

“மீனுக்குமாங்ண்ணா?”

“மீனுக்குச் சனம் இல்லீங்களா?”

தம்பிதுரைக்குத் துடியலூரில் லேத் பட்டறை. வீட்டில் ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். அந்த முறைப்பைப் பார்த்துத்தான் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். இந்த மீனுக்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் ஒரு வாரிசு வேண்டும்.

“எங்க எடுத்தாலும் சரிங்ண்ணா, முட்டை போட்டதும் பொண்ணை வெளிய எடுத்துருங்க. தின்னுபோடும். அப்பன்தான் காவல் இருக்கும்” என்றார் ரங்கராஜ்.

தம்பிதுரை தாராபுரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே மாசாணம் என்பவர் சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்க்கிறார். தம்பிதுரை போனில் சிவப்பின் படத்தைக் காட்டினார்.

“இதுக்குத் தோதா ஒண்ணு குடுங்க. உங்களுக்கும் துடியலூருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லீங்களே?”

“இல்லீங்க.” மாசாணம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், தலையாட்டினார், ஒரு நீல மீனைக் கவரில் கட்டிக் கொடுத்தார்.

“பொண்ணு நல்ல வாட்டசாட்டமுங்க” என்றாள் மனைவி சென்னியம்மாள்.

“தாராபுரத்துத் தண்ணி அப்படி.”

இரண்டையும் ஒரு தொட்டியில் விட்டார். காலையில் தண்ணீர் மேல் நுரை.

“ஏம்புள்ள, தொட்டிய சோப்புப் போட்டா கழுவுன?”

“என்ற மேலயே பழி போடுங்க!”

நுரையை வழித்து ஊற்றினார். மறுநாள் இன்னும் அதிகம். தண்ணீரை மாற்றினார். நுரை விளிம்பு வரை வந்தது. ரங்கராஜுக்குப் போன் போட்டார்.

“அது கூடுங்ண்ணா! முட்டை வெக்க மீனு கட்டற ஊடு. கலைச்சுப்போடாதீங்க!”

உட்கார்ந்து கவனித்தார். நீலம்தான் ஓயாமல் குமிழி ஊதிக்கொண்டிருந்தது. சிவப்பு ஒரு மூலையில் சும்மா நின்றது.

“வந்த பொண்ணே ஊடு கட்டறா, பாரு!”

“மாப்பிள்ளை உங்களையாட்டவே இருக்கறாருங்க” என்றாள் சென்னியம்மாள்.

ஒருவழியாக முட்டையும் வந்தது. கீழே விழுந்த முட்டைகளை நீலம் வாயால் பொறுக்கி நுரையில் ஒட்டியது. தம்பிதுரை டீ வடிகட்டியோடு பாய்ந்தார். பிடித்து வெளியே எடுத்தால் அது துள்ளித் துள்ளித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது.

“பிள்ளைகள உட்டுட்டு வர மாட்டேங்குதுங்க, பாவம்.”

“பெத்த மனசு அப்படித்தான். ஆனா ரங்கராஜ் சொல்லிப்போட்டானே!”

பிடித்து பாட்டிலில் அடைத்தார். பிள்ளை பெற்றவளை வெறுமனே பிறந்த வீட்டுக்கு அனுப்புவது முறையில்லை என்று சென்னியம்மாள் பாட்டில் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, மல்லிகை சுற்றிக் கொடுத்தாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தம்பிதுரை தாராபுரம் போய்ச் சேர்ந்தார்.

“பொறந்த ஊட்டுல மூணு மாசம் இருக்கட்டுங்க. அங்க மாப்பிள்ளை காவலுக்கு இருக்கறாரு.”

மாசாணம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அன்னிக்கு போட்டோவுல காட்டுனீங்களே, அந்தச் சிவப்புங்களா காவல்?”

“அவரேதானுங்க! முந்தி மூலைய உட்டு நகர மாட்டாரு. இப்பக் கூட்டுக்குக் கீழயே நிக்கறாரு. அப்பப்ப முட்டைகளுக்கு முத்தங்கூடக் குடுக்கறாருங்க.”

மாசாணம் பாட்டிலைப் பூவோடு அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“ஏனுங்க, அடுத்த பஸ்ஸைப் புடிங்க. மஞ்சக்கயிறு கட்டி நீங்க பொறந்த ஊட்டுக்குக் கூட்டியாந்திருக்கறது மாப்பிள்ளைய. பெத்தவ அங்க பந்தியில உக்காந்திருக்கறாளுங்க.”